எண்ண எடுத்த கதிர்

முப்பத்து மூன்று சதவீதம் செத்திருந்தால்
பயிர் செத்ததாக அரசாங்கம் ஒப்புக்கொள்ளும்.
முப்பத்திரண்டு என்றால்
பிழைத்துவிட்டது.

தை பிறந்து ஒன்பதாம் நாள்
கல்லலுக்குத் தெற்கே ஒரு கண்மாயின் கீழ்மடை.
ஸ்கூட்டியைக் கருவேல நிழலில் நிறுத்திவிட்டு
படிவத்தோடு இறங்கினேன்.
செருப்பைக் கழற்ற வேண்டியிருக்கவில்லை.
அது ஒன்றே போதும் என்று எழுத
படிவத்தில் இடமில்லை.

அடைக்கலம் முன்னால் நடந்தார்.
ஒரு ஏக்கர் இருபது சென்ட்.
பால் பிடிக்கிற நேரத்தில் மழை நின்றது,
கண்மாயில் சேறு மிஞ்சியதுவரை
ராத்திரி முறை வைத்துப் பாய்ச்சினேன் என்றார்.
ஒரு கதிர் எடுங்க, எண்ணணும் என்றேன்.

தேடினார்.
சர்வே எண், உட்பிரிவு, விதை ரகம்
எல்லாம் நான் எழுதி முடிக்கும்வரை தேடினார்.
கடைசியில் கொண்டுவந்தார்
அந்த வயலிலேயே நல்ல கதிரை.

உருவி என் ஃபைல் அட்டைமேல் பரப்பினோம்.
மணி நூற்று இருபத்தாறு.
நகத்தால் அழுத்திப் பார்த்துப் பார்த்து
பதரை அவரே ஒதுக்கினார்.
நாற்பது.
செல்போனில் வகுத்தேன்.
முப்பத்தொன்று புள்ளி ஏழு.

"நல்லதாப் பாத்து ஏன் எடுத்தீங்க?"

"ஆபீசர் பாக்க வர்றப்ப
சொத்தையவா காட்டுவாக?"

வரப்போரம் போய்
வெளுத்து நின்ற ஒன்றை நானே ஒடித்தேன்.
எண்ணவில்லை. அவர் கையில் கொடுத்துவிட்டு
நாற்பத்தைந்து என்று எழுதினேன்.
பார்த்துக்கொண்டே நின்றார்.
நன்றி சொல்கிற முகம் இல்லை அது.

சாகுபடி செய்பவர் பெயருக்கு
படிவத்தில் ஒரு கோடு இருந்தது,
கம்ப்யூட்டரில் இல்லை.
பட்டா எண்ணை அடித்ததும்
தானாக வந்து உட்கார்ந்தது பெயர்:
வீர. அரு. சாத்தப்பன்.

சித்திரையில் ஒரு போன்.
சென்னை. மரியாதையான குரல்.
"மேடம், அப்பா கணக்குல
நாலாயிரத்து நூத்தி இருபத்திரண்டு ரூபா வந்திருக்கு.
நாங்க எதுவும் கேக்கலை.
தப்பா வந்திருந்தா திருப்பி அனுப்பிடறோம்.
அடுத்தவங்க காசு எங்களுக்கு வேண்டாம்."

தப்பில்லை சார்,
உங்க நெல்லு கருகிடுச்சு என்றேன்.

"எங்களுக்கு நெல்லு இருக்கா?"

அடைக்கலம் என்று ஒருவரைச் சொன்னேன்.
வயலைச் சொன்னேன், மடையைச் சொன்னேன்.
வாரம் யாரிடம் போகிறது என்று
அவர் கேட்கவில்லை,
நானும் அதைத் தொடவில்லை.
நீண்ட நேரம் கழித்து, "சரி" என்றது குரல்.
"ஆடிட்டரைக் கேட்டுட்டுச் சொல்றேன்."

ஆடிட்டர் இன்னும் சொல்லவில்லை.

போன வாரம் கல்லல் சந்தையில்
கத்தரி நாற்றுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார் அடைக்கலம்.
பணத்தைப் பற்றிக் கேட்பார் என்று
பதிலைத் தயார் செய்துகொண்டே போனேன்.

"அந்த ரெண்டாவது கதிரை
நீங்க எண்ணவே இல்லையேம்மா" என்றார்.
"நீங்க போனப்புறம் நான் எண்ணிட்டேன்.
நூத்திப் பதினொன்னு. அதுல பதர் எழுபது."

நாற்றுக்கட்டை உதறி
வேரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"நீங்க கம்மியாத்தான் போட்டிருக்கீக."