செவ்வாய்க்கிழமைக்கு ஒரு பட்டியல்

பங்குக் கோயில் காலண்டரில்
மே மாதத் தாளைக் கிழித்துத்
திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம்.
சீசன் முடிந்துவிட்டது.
செவ்வாய் ஒருநாள் எடுத்துக்கோ சந்தியாகு,
டீசல் மட்டும் உன்னது என்று
ஓனர் வண்டி தரச் சம்மதித்திருந்தார்.

பத்தொன்பது வருடம்
யார்யாரோ தேனிலவுக்கெல்லாம் வண்டி ஓட்டிய மனிதர்
பேனாவை எடுத்ததும் எழுதிக்கொண்டே போனார்.
தூண் பாறை, பைன் காடு, பூம்பாறை,
மன்னவனூர் ஏரி, கவுஞ்சி, கிளாவரை.
ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நிமிடக் கணக்கு.
பத்து. பதினைந்து. பத்து.

தூண் பாறை எப்படி இருக்கும் என்று கேட்டேன்.
பார்க்கிங் நாற்பது ரூபாய் என்றார்.
சரிவில் நிறுத்தினால்
பின் சக்கரத்துக்குக் கல் கொடுக்கணும்.
இடப்பக்கத்துச் சோளக்கடையில்
டிரைவர்களுக்கு டீ சும்மா.

பாறை?

பேனா நின்றது.
"பெருசா இருக்கும்.
போட்டோவுல காட்டுவாங்க."

நான் மட்டும் என்ன கண்டேன்?
அவர் இறக்கிவிட்டுப் போகிற ஜோடிகளின்
போர்வையை உதறி மடிப்பவள்.
கொண்டை ஊசி என்றால் அவருக்கு வளைவு.
எனக்கு, தலையணைக்கு அடியில் கிடைப்பது.
தேநீர்க் கறை தெரியும், பாதி தின்ற சாக்லேட் தெரியும்.
எதைப் பார்த்துவிட்டு வந்து
அப்படி அடித்துப்போட்டதுபோல் தூங்கினார்கள் என்று
தெரியாது.

பேனாவைப் பிடுங்கிக்கொண்டேன்.
நான் சொல்ற இடத்துல நிறுத்துங்க.
புயலடித்த வருடம் மரமெல்லாம் குறுக்கே விழுந்து
ரெண்டு ராத்திரி வரலையே,
சூரத்துக் குடும்பத்தைப் பின்சீட்டில் படுக்கவைத்து
ஸ்டியரிங்கில் நீங்க தலைசாய்த்த இடம்.

"அது வெறும் ரோடு, அமலி.
ஒரு பக்கம் யூகலிப்டஸ். இன்னொரு பக்கம் அதுகூட இல்ல."

எழுதினேன். பக்கத்தில் நிமிடம் போடவில்லை.

அப்புறம், கவுஞ்சிக்கு முன்னால்
ஒரேயொரு கோடு சிக்னல் கிடைக்கும் திருப்பம்.
"லேட்டாகும், சாப்ட்டுப் படு" என்பதற்குள்
அறுந்துபோகிற குரல் அங்கிருந்துதானே வரும்?
அங்கே நின்று உங்க போனிலிருந்து
என் நம்பருக்கு அடிக்கணும்.
நான் எடுக்கிற வரைக்கும்
உங்களுக்கு என்ன கேட்கும் என்று கேட்கணும்.

அவர் காது மடலைச் சொறிந்துகொண்டார்.
மூடுபனி இறங்கினால் எந்தத் திருப்பமும் தெரியாது என்றார்.
மலை தெரியலை என்று காசைத் திருப்பிக் கேட்டவர்கள் உண்டாம்,
ஒருத்தர் கோயம்புத்தூரில் வக்கீலாம்.
நான் கேட்கமாட்டேன் என்றேன்.

கிளாவரையோடு ரோடு முடிந்துவிடும்.
அங்கே போய் என்ன செய்வீங்க?
வண்டியைத் திருப்பி
ஊரைப் பார்க்க நிறுத்துவேன்,
கிளம்பத் தோதாக.

செவ்வாய்க்கிழமை திருப்பாதீங்க.
மூக்கு எந்தப் பக்கமோ
அந்தப் பக்கமே கொஞ்சநேரம் நிற்கட்டும்.

இடம் போதாமல் தாளைத் தூக்கிப் பிடித்தபோதுதான் பார்த்தேன்.
தலைப்பில், தூண் பாறைக்கும் மேலே,
எறும்பு எழுத்தில்:
எலுமிச்சம்பழம் 2. கவர் 3.

கல்யாணத்தன்று
வத்தலக்குண்டிலிருந்து ஏறி வரும்போது
டம்டம் பாறைக்குள் மூன்றுமுறை வாந்தி எடுத்தேன்,
பட்டுச்சேலையோடு.
அதற்கப்புறம் அவர் ஓட்டும் வண்டியில்
நான் ஏறியதே இல்லை.
அவர் கூப்பிட்டதும் இல்லை.
மூன்று என்று எண்ணி வைத்திருக்கிறார்.

விளக்கை அணைத்தோம்.
தகரத்தின்மேல் தூறல்,
நாளைக்கு நிற்கும், நாளை மறுநாளும் வரும்.
பாதித் தூக்கத்தில்
அவர் வலது கால் போர்வைக்குள் ஒருமுறை
அழுந்தி நின்றது.

எந்த வளைவோ.
பட்டியலில் இல்லாத இடமாகக்கூட இருக்கலாம்.
நான் எழுப்பவில்லை.