வால் பிடிக்கிறவன்

ராதாபுரம் விலக்கு. இரவு ஒன்றே முக்கால்.
அறுபது மீட்டர் காற்றாலை இறகு,
சீவின நுங்கு நிறத்தில்,
லாரியின் முதுகில் கிடக்கிறது.
முன்னால் ஸ்டீயரிங்கில் மிக்கேல்ராசு.
பின்னால், கழுத்தில் ரிமோட் பெட்டி தொங்க
நடந்து வருகிறவன் நான்.
பின்சக்கரங்கள் என் கட்டைவிரல் பேச்சைக் கேட்கும்.
அவன் இடது ஒடித்தால் நான் வலது ஒடிக்கணும்.
அப்போதுதான் இரண்டு பேரும்
ஒரே பக்கம் திரும்புவோம்.

துறைமுகத்திலிருந்து இதுவரை எனக்கு வேலையில்லை.
நேர் ரோடு. முப்பதில் போனோம்.
காகிதக் கப்பில் டீ மட்டமாக நின்றது.
நாங்குநேரி தாண்டி ஒரு வளைவில்
டீ வெளிப்பக்கமாக ஏறிற்று.
முள் அதே முப்பதில்தான்.
வண்டியை உள்பக்கம் எதுவோ இழுக்கிறதென்று
டீக்கு மட்டும் தெரிந்திருந்தது.

பிளஸ் டூ பரீட்சையில்
திசைவேகத்துக்கு ஒரு அம்பு, முடுக்கத்துக்கு ஒரு அம்பு.
இரண்டையும் ஒரே பக்கம் பார்த்துப் போட்டேன்.
மூன்று மார்க் போயிற்று.
இன்றைக்குக் கேட்டால் இந்த இறகை வைத்தே வரைவேன்:
ஆடிக்காற்றில் சுற்றும்போது இதன் நுனி
வானத்துக்கு ஓடப் பார்க்கும்,
கடலுக்கு, வடலிக்காட்டுக்கு, நெல்லைக்கு,
மறுபடி வானத்துக்கு.
இழுப்போ எந்நேரமும் நடுக்குடத்துக்கு.
ஓடின இடத்துக்கும் போய்ச் சேராது,
இழுத்த இடத்துக்கும் வந்து சேராது.

"வாலைப் பாரும் வே, குணபாலு!"
பரோட்டாக் கடை போர்டுக்கும் நுனிக்கும்
ஒரு சாண்.
செய்யதலி கம்பால் கரண்டுக் கம்பியைத்
தூக்கிப் பிடித்திருக்கிறான்.
வண்டி நிற்கிறது.

மிக்கேல்ராசு தீப்பெட்டி கேட்கிறான்.
கேபினைப் பார்த்து மேலே எறிகிறேன்.
ஏறும்போதே கீழே இழுபட்டுக்கொண்டுதான் ஏறுகிறது.
உச்சியில், சோடியம் விளக்கின் மஞ்சளில்,
ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை, ஒரு இமைப்பு.
இழுப்பு மட்டும் அப்போதும் இருந்தது.
கை நீட்டிப் பிடித்துக்கொண்டான்.

அவனிடம் இன்னும் சொல்லவில்லை.
வேலையை விடுகிறேனென்று
வெள்ளிக்கிழமையே கம்பெனியில் எழுதிக் கொடுத்தாயிற்று.
பிரேக்கை மிதித்த பிறகும்
பாரவண்டி கொஞ்ச தூரம் முன்னால்தான் போகும்.
பார்க்கிறவனுக்கு அது போகிற வண்டி.

"இன்னும் ரெண்டு சுத்து வலது!"
ஒடிக்கிறேன்.
முன்பக்கம் கிழக்கே நுழைய
வால் மேற்கே வீசி வருகிறது.
சாக்கில் படுத்திருந்த நாய் எழுந்து
எந்தப் பக்கம் ஒதுங்குவதென்று தெரியாமல்
நின்ற இடத்திலேயே சுற்றுகிறது.