கிழக்கெல்லை

மாசிப் பறுவம். வங்கிக்கு விடுமுறை.
அக்கரைப்பற்றிலிருந்து ஐந்தே முக்கால் பஸ்ஸில்
நுஸ்கியா எனக்கு யன்னலோரம் பிடித்து வைத்திருந்தாள்,
மடியில் இடியப்பப் பொதி.
திருக்கோவிலில் இறங்கியபோது
கடல் தெரியவில்லை, கேட்டது.

ஆடி அமாவாசைக்குக் கால்வைக்க இடமிராத மணலில்
இன்று ஒரு நாய், அதன் நிழல், காயும் கயிறு.
நான் உள்ளே போய்த் திருநீறு பூசி வருமட்டும்
மதிலோரம் நின்று
பழைய கற்களை எண்ணியிருக்கிறாள்.
"முப்பத்தொண்டு. ஒரு கல்லில மீன் மாதிரிக் கீறல் இரிக்கி."
போய்ப் பார்த்தேன்.
மீன்தான். அல்லது உளி வழுக்கிய இடம்.
பறங்கி இடித்தான், மீண்டும் எழுந்தது என்று
ஊர் சொல்லும் அத்தனையையும்
அந்தக் கீறலுக்குள் அடைக்கப் பார்த்தோம்.
அடங்கவில்லை. நடந்தோம்.

தெற்கே கரையோரப் பாதை.
பாதை என்றால்
அடம்பன் கொடிக்கும் அலைக்கும் நடுவே
ஒரு சைக்கிள் அகலம்.
இராவணன் மீசை உருண்டுருண்டு
அவசரக் காரியம்போல் எங்களை முந்திப் போனது.
நிலுவை கேட்டு வந்தவர்களைக் கண்டதுபோல்
நண்டுகள் வாசலில் எட்டிப் பார்த்து
உள்ளே போயின.

பிறகு பாதை இல்லை.
அறுந்த மண்திட்டு, வேர் தெரியும் தென்னை,
அதன்கீழ் நுரை.
நுஸ்கியா கைபேசியைத் திறந்தாள்.
நேரே போங்கள் என்றது வரைபடம்,
நூறு மீற்றரில் இடப்பக்கம் திரும்புங்கள்.
இடப்பக்கம் வங்காள விரிகுடா.

அங்கே அலைக்குள் ஒரு கிணறு நின்றது.
நின்றதென்றுதான் சொல்லவேண்டும்.
சுற்றியிருந்த மண்ணைக் கடல் கொண்டுபோக
ஐந்து வளையம் ஒன்றன்மேல் ஒன்றாய் வெளியே வந்து
புகைக்கூண்டு மாதிரி.
ஆழம் உயரமாவதை
நான் அதுவரை கண்டதில்லை.

"சும்மாதானே நிக்கிறியள், வந்து பிடியுங்கோ கா!"
கரைவலைக் கயிற்றின் வாலில் ஆள் குறைவு.
பிடித்தோம். உள்ளங்கை எரிந்தது.
எனக்கு முன்னால் இழுத்தவர், பெயர் அருளானந்தராசா,
திரும்பாமலே சொன்னார்:
"அது எங்கட கிணறு. உறுதி வீட்டில கிடக்கு."

பதினொரு வருடம் கடன் பிரிவில் உறுதி வாசிப்பவள் நான்.
வாய் சும்மா இருக்கவில்லை.
"எல்லை என்னெண்டு எழுதிக் கிடக்கு?"
இழுவைக்கும் இழுவைக்கும் நடுவில் ஒப்புவித்தார்:
"வடக்கு, ஒழுங்கை.
தெற்கு, கணவதி பெண்சாதி பொன்னம்மை வளவு.
மேற்கு, றோட்டு.
கிழக்கு..."
கயிறு தளர்ந்து, மறுபடி விறைத்தது.
"கிழக்கு, சின்னத்துரையின்ர தென்னந்தோட்டம்."

கடல் என்ற சொல்லே அந்த உறுதியில் இல்லை.

"சின்னத்துரை இப்ப எங்க?" நுஸ்கியா கேட்டாள்.
"கொழும்பில, மகனோட. வருசத்துக்கு ஒருக்கா வருவார்.
இந்த இடத்தில நிண்டு
காய்ப்பு எப்பிடியெண்டு கேப்பார்.
இந்தமுறை நல்ல காய்ப்பெண்டு சொல்லுவன்."
முதலில் அவர் சிரித்தார்.
பிறகு கயிறு முழுக்கச் சிரித்தது,
வலை ஒரு முழம் பின்னால் போனது,
சம்மாட்டி ஏசினார்.

மடி கரையேறியபோது
பாதி சொறி.
மீதி கீரி, கொஞ்சம் சூடை,
இரண்டு பாரைக்குட்டி,
வலது காலுக்கான ஒரு செருப்பு.
வேண்டாம் வேண்டாமென்க
ஷொப்பிங் பையில் அள்ளிப் போட்டார்கள்.
பங்கென்றால் பங்குதானாம்.

திரும்புகிற பஸ்ஸில் பை சொட்டியது.
தம்பட்டை தாண்டும்வரை நுஸ்கியா பேசவில்லை.
பிறகு கேட்டாள்:
"கல்லில இரிந்தது மீனா, உளி வழுக்கினதா?"
"தெரியாது. அடுத்த பறுவத்துக்கு வந்து பாப்பம்."
"கல் இரிந்தா," என்றாள்.
கண்டக்டர் மூக்கைத் திருப்பிக்கொண்டு
மீதிக் காசை
எட்டவே நின்று நீட்டினார்.