தேய்த்த கண்ணாடி

நோவி போர்.
செக் மொழியில் புதிய பைன்காடு.
என் காதுக்கு நோவும் போரும்.
காது அப்படிப் பழகிவிட்டது, என்ன செய்ய.

க்வியெதா வாய் திறக்கவில்லை.
தாளில் எழுதிக் காட்டினாள்:
நாலு நாள். காய்ச்சல். தண்ணீர்கூட முள்.

கண்ணாடி ஊதுகிறவள்.
உலைக்குள் ஆயிரத்து இருநூறு பாகை.
சுட்டிருக்கும் என்றார் ஆலை மருத்துவர்.
வெறும் வாய்ப்புண் என்றார் அடுத்தவர்,
ஸ்டீராய்டு பசை கொடுத்தார்.
தடவத் தடவப் புண்கள்
கைகோத்துக்கொண்டன.

டாக்டர் பிளஷேனா விளக்கைத் தாழ்த்தினாள்.
சுட்டால் சுட்ட இடம்தான் வேகும்,
ஈறு முழுக்கச் செக்கச்செவேலென்று பொங்காது.
மேலண்ணத்தில்,
எலும்போடு இறுகிய அந்தக் கெட்டித் தரையில்,
குண்டூசித் தலைகளாய்க் கொப்புளங்கள், கூட்டங்கூட்டமாக.
சாதாரண வாய்ப்புண் அங்கே குடியேறுவதில்லை.
தாடைக்கடியில் நெறிகட்டி,
தொட்டதும் க்வியெதாவின் கண் நிறைந்தது.

உடையாத ஒன்றைத் தேடிப்பிடித்து
மூடி திறந்து, அடியைச் சுரண்டி
ஒரு கண்ணாடிச் சில்லில் இழுத்தாள்.
யாரும் ஊதாத கண்ணாடி.
தட்டையானது. மூச்சில்லாதது.

நுண்ணோக்கியின் கீழே
எல்லை மறந்த செல்கள்
ஒன்றுக்குள் ஒன்று உருகி நின்றன.
ஒரே உடலில் ஆறேழு கருக்கள்,
ஒவ்வொன்றும் மங்கல், பனிமூட்டம்.
தேய்த்த கண்ணாடி போல என்பார்கள்
இந்தத் தொழில் செய்கிறவர்கள்.
பிளஷேனா அதைச் சொல்ல வாயெடுத்து,
எதிரில் இருப்பவள் யாரென்று பார்த்து,
ஹெர்பிஸ் என்று மட்டும் சொன்னாள்.

ஆய்வகத்தின் பதில் வர இரண்டு நாள்.
அதுவரை காத்திருக்கவில்லை.
பசையைக் குப்பையில் போடு.
அசைக்ளோவிர், நாளைக்கு ஐந்து முறை.
சாப்பாட்டுக்கு முன் மரக்கவைக்கும் ஜெல்.
ஆறிய உருளைக்கிழங்கு சூப், உப்பில்லாமல்.
கையைக் கழுவாமல் கண்ணைத் தொடாதே.
முதல் நாளே வந்திருக்கலாம், என்றாள்,
பரவாயில்லை.

ஆறாம் நாள் குரல் வந்தது.
நன்றி இல்லை. "யார்?"

ஊதுகுழல் ஒன்று, வாய்கள் இரண்டு.
உருகலை அள்ளி முதல் மூச்சு விடுகிறவன் ரடோவன்.
மீதி மூச்சு அவளுடையது.
அவன் உதட்டில் ஒரு நாளும் ஒன்றுமில்லை.
ஒன்றும் தெரியாத வாயிலும்
எச்சிலில் வந்து போகும் என்றாள் பிளஷேனா.
அவனாக இருக்கலாம். ரயிலில் யாரோவாக இருக்கலாம்.
உனக்கும் இனி இருக்கும்.
காதுக்கு முன்னால், உள்ளே, ஒரு நரம்பு முடிச்சில்
சுருண்டு படுத்துக்கொள்ளும்.
மாத்திரை கொல்லாது, அடக்கி வைக்கும்.

பன்னிரண்டாம் நாள்
தன் குழலின் வாலில்
பச்சைக் கம்பி சுற்றிக்கொண்டு வந்தாள்.
ரடோவன் பழக்கத்தில் தன் குழலை நீட்டினான்,
நுனியில் ஆரஞ்சாய் ஒரு துளி தொங்க.
தலையாட்டி மறுத்தாள்.
அவன் வாய்ப்பக்கத்தைச் சட்டைக் கையில்
நன்றாகத் துடைத்து
மறுபடி நீட்டினான்.

சிரித்துவிட்டாள்.
ஆறிக்கொண்டிருந்த கடைவாய் சுரீரென்றது.
துளி அதற்குள் ஒருபக்கம் சாய்ந்து
தரையில் விழுந்து,
கொஞ்ச நேரம் சிவப்பாகவே கிடந்தது.