ஆறாவது நொடி

மில்வாக்கி ஏரி கரையோரம் இன்னும் உறைந்தே கிடந்தது.
ஹோட்டலின் பதினோராம் மாடியில்
தட்டுக்கு இருநூற்றைம்பது டாலர்.
எனக்கு இலவசம்;
அன்றைய ஆசிரியை நான்தான்.

சட்டையில் குத்திய அட்டை
"வெர்லீன் ஸ்டோக்ஸ், நான்காம் வகுப்பு" என்றது.
அழைத்துப் போன பெண் காதோடு சொன்னாள்:
"மூன்றே நிமிடம். ஒரு பிள்ளையின் கதை போதும்.
பெயரை மாற்றிக்கொள்ளுங்கள்.
முடிவில் கொஞ்சம் நம்பிக்கை வரட்டும்."

எனக்குப் பதிலாக வர ஆள் கிடைக்கவில்லை என்பதை
அவளிடம் சொல்லவில்லை.
இருபத்தேழு பேரையும் ஒன்பது ஒன்பதாகப் பிரித்து
மூன்று வகுப்புகளின் பின்சுவரோரம்
உட்கார வைத்துவிட்டு வந்திருந்தேன்,
ஆளுக்கொரு தாளும்
மழுங்கிய பென்சிலும் கொடுத்து.

கோழி ஆறியிருந்தது.
எதிரே கஸ்டாவ் ரைன்ஹோல்ட், கிரேன் கம்பெனிக்காரர்.
"இந்தப் பிள்ளைகளுக்கு என்னதான் வேண்டும்?"
நான் வாயைத் திறக்குமுன்
"ஒழுக்கம்" என்று அவரே சொல்லிவிட்டு
வெண்ணெய் தடவ ஆரம்பித்தார்.
கெட்டவர் இல்லை.
ரொட்டிக்கூடையை முதலில் என் பக்கம்தான் நகர்த்தினார்.

இவர்கள் பணத்தில்தான் போன அக்டோபரில்
என் வகுப்புக்கு இங்கெபோர்க் வந்தாள்,
ஆசிரியர்களுக்குச் சொல்லித்தரும் ஆசிரியை.
ஆறு வாரம், கடைசி வரிசைக் குட்டி நாற்காலியில்,
முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்து
கடிகாரம் பார்த்தாள்.
பிறகு ஒன்றே ஒன்று சொன்னாள்:
"கேள்வி கேட்டபின் நீங்கள் காத்திருப்பது
ஒரு நொடிகூட இல்லை."

பத்தொன்பது வருஷம்.
அன்று ராத்திரி கார் நிறுத்துமிடத்தில்
இஞ்சினை அணைத்துவிட்டு எண்ணிப் பார்த்தேன்.
ஒரு நொடியில் கை தூக்குகிறவர்களை மட்டுமே
என் வகுப்பென்று நினைத்திருந்தேன்.

மேடையில் இதையெல்லாம் சொல்லவில்லை.
மைக்கைப் பிடித்துக் கேட்டேன்:
"மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று.
எது பெரிது? ஏன்?"

ஒன்று.
முள்கரண்டிகள் நின்றன.
இரண்டு.
யாரோ சிரித்தார்; கூடச் சிரிக்க ஆளில்லை.
மூன்று.
முன்னூறு பேர். வங்கி நடத்துகிறவர்கள், நீதிபதிகள்.
காபி ஊற்றிக்கொண்டிருந்த பையன்
ஜாடியைச் சாய்த்தபடியே நின்றான்.
நான்கு.
ரைன்ஹோல்டின் காது சிவந்தது.
தட்டிலிருந்த எலுமிச்சைக் கேக்கைக்
கத்திமுனையால் தொட்டு எதையோ அளந்தார்.
ஐந்து.
நிகழ்ச்சியை நடத்துபவர் பாய்ந்து வந்தார்.
"எப்பேர்ப்பட்ட ஆசிரியை!"
மைக் கைமாறியது. கைதட்டல்.
எண் எழுதிய அட்டைகள் மேலே போயின,
ஐயாயிரம், பத்தாயிரம்.
இப்போது எந்தக் கைக்கும்
ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை.

ஆறாவது நொடியைச் சொல்லத்தான் வந்திருந்தேன்.
செப்டம்பரிலிருந்து வாய் திறக்காத டூ மெங்
(பெயரை மாற்றவில்லை)
போன மாதம் ஒரு செவ்வாய், இதே கேள்விக்கு,
ஹீட்டர் கடகடக்க எழுந்து நின்றான்.
"நான்கில் ஒன்று. நாலுதானே பெரிசு."
தப்பு.
பலகையில் அப்படியே எழுதி
அழிக்காதே என்று கட்டம் போட்டேன்.
மதியம்வரை அதை வைத்துச் சண்டை பிடித்தோம்,
அவனும்தான்.

கோட்டு வாங்குமிடத்தில் ஒரு மணி பத்து.
ஒன்றரைக்குள் மூன்று அறைகளில் பிள்ளைகளைப் பொறுக்கிச் சேர்க்க வேண்டும்.
பின்னால் ரைன்ஹோல்டின் குரல், தணிவாக:
"மூன்றில் ஒன்றுதானே?"

"ஏன்?" என்றேன்.

ஒரு கை கோட்டுக்குள், ஒரு கை வெளியே.
லிஃப்ட் வந்தது, திறந்தது, மூடிக்கொண்டு போனது.
நான் காத்திருந்தேன்.