எடைப் புத்தகம்

கரோங்கா விமான நிலையத்தில்
ஒரே கூடம், ஒரே தராசு.
புதன்கிழமை வரும் எட்டு இருக்கை விமானத்துக்கு
மூட்டைகளை நிறுக்கும் அதே தராசில்தான்
ஆட்களையும் நிறுக்கிறாள் துசேகிலே.
செருப்பைக் கழற்ற வேண்டாம்,
அதுவும்தானே பறக்கப் போகிறது.

வெளியே ஓடுபாதையில் ஆடு மேய்கிறது.
விரட்டப் போன காவலாளி
சைக்கிளில் சாய்ந்து யாருடனோ பேசுகிறான்.
காற்றுப்பையில் புகுந்த ஏரிக்காற்று
பாதி கிழிசல் வழியே போய்விடுகிறது.

ம்வாகசுங்குலா ஏறி நிற்கிறார்.
நாற்பத்தொன்பது.
அவள் பழைய பக்கங்களைப் புரட்டுகிறாள்.
புரட்டியிருக்க வேண்டாம்.
மார்ச்சில் அறுபத்து மூன்று.
அப்போதும் லிலோங்வே ஆஸ்பத்திரிக்குத்தான்.

அவரும் முள்ளைப் பார்த்துவிட்டார்.
மலைக்கு அந்தப் பக்கம் இரைச்சல் கேட்கத் தொடங்குகிறது.

கூடுதல் எடை என்று
சற்றுமுன் அவளே ஒதுக்கிவைத்த
உசிப்பாக் கருவாட்டு மூட்டை,
பதினாலு கிலோ.
அதைக் காலால் உள்ளே தள்ளுகிறாள்.
"இடம் இருக்கு," என்கிறாள்
புத்தகத்தைப் பார்த்தபடி.

"மகளுக்கு," என்கிறார்.
"உப்புக் கம்மி. நல்ல மீன்."

பேனாவை மூடிவிட்டு
ஆட்டை விரட்ட
அவளே வெளியே ஓடுகிறாள்,
இவ்வளவு வேகம் தேவையே இல்லை.