ஒன்பதாம் வரி

குவொட்டேஷன் எழுதுவது என் வேலை.
ஊபியில் ஆறாம் மாடி, ஜன்னல் இல்லாத அறை.
ஒரு கூரையையும் கையால் தொட்டதில்லை,
இருந்தும் இந்தத் தீவில் முந்நூறு கூரைகளை
வரிவரியாக எனக்குத் தெரியும்.

சிலேத்தார் ஹில்ஸ், மூலைவீடு, திருமதி லியோங்.
மொத்தம் பதினான்கு வரிகள்.
ஒன்பது: இரண்டு சரிவுகள் சந்திக்கும் பள்ளத்தில்
ஓட்டுக்கு அடியில் இன்னொரு விரிப்பு.
பதினொன்று: துருவேறாத எஃகுத் திருகாணி,
ஓட்டுக்கு ஒன்றல்ல, இரண்டு.

பேனா மூடியால் ஒன்பதைத் தொட்டார்.
"சட்டம் இதைக் கேட்கிறதா?"
கேட்கவில்லை என்றேன்.
"அப்போ நீ ஏன் கேட்கிறாய்?"

பதில் இருந்தது.
பள்ளத்தில்தான் நீர் கூடும், இலை கூடும்,
மைனா கொண்டுவந்த குச்சி கூடும்.
விடிகாலை நான்கு மணிக்குச் சுமத்ராக் காற்று
மழையைப் படுக்கவைத்து அடிக்கும்போது
ஓட்டின் இடுக்கில் தண்ணீர் மேல்நோக்கி ஏறும்.
சட்டம் ஒரு கோடு,
அதற்குக் கீழே போனால் அபராதம்;
அந்தக் கோட்டின் மேலேயே தலைவைத்துப் படுங்கள் என்று
அதில் எங்கும் எழுதவில்லை.

இதில் ஒன்றையும் சொல்லாமல்
இரண்டு வரிகளை அழித்தேன்.
தொள்ளாயிரத்து நாற்பது வெள்ளி குறைந்தது.
புத்தாண்டுக்கு வாங்கி மீந்த ஆரஞ்சு இரண்டு
கையில் வைத்து வழியனுப்பினார்.

அதற்கு இரண்டு வாரம் முன்பு
ஓப்பரா எஸ்டேட்டில் திரு பெரெய்ரா
பதினான்குக்கும் கையெழுத்திட்டு
"இன்னும் ஏதாவது இருந்தால் போடு" என்றார்.
போட்டேன்.

ஆறு வருடம் ஆகிறது.
இரண்டு கூரையும் ஒழுகவில்லை.

கதை இப்படிப் போகக் கூடாதுதான்.
லியோங் அம்மாள் வாளியோடு நின்றிருக்க வேண்டும்,
பெரெய்ரா போனில் நன்றி சொல்லியிருக்க வேண்டும்.
போன் வந்தது.
"பக்கத்து வீட்டிலும் ஒழுகவில்லை.
நான் எதற்குக் காசு கொடுத்தேன்?"
ஒன்றும் நடக்காததற்கு, என்று வாய்வரை வந்தது.
"ஆறு வருடம்தானே ஐயா" என்றேன்.

போன வியாழன்,
ஏர்கான் ஆள் ஏறி மிதித்து
லியோங் வீட்டில் நான்கு ஓடு உடைந்தது.
சூப்பர்வைசர் லீவு. படம் எடுக்க என்னை அனுப்பினார்கள்.
முதல்முறை ஏணி; முழங்கால் தனியாக ஆடியது.
ஷஃபிகுல் பள்ளத்து ஓட்டை உயர்த்தினான்.
கறுப்பு விரிப்பு.
அதன் கீழே இன்னொரு கறுப்பு,
ஒரு சாண் தாராளமாக மடித்து ஒட்டியது.
ஓரத்தில் வெள்ளைச் சாக்குக்கட்டி எழுத்து, பாதி அழிந்து:
ஓப்பரா.

யார் போடச் சொன்னது?
"யாரும் சொல்லல அக்கா. ரோல் மிச்சம்.
லோரியில இடம் அடைக்குது."
அவ்வளவுதான். வெற்றிலைச் சிரிப்புக்கூட இல்லை.
திருகாணியைப் பார்த்தேன்.
ஓட்டுக்கு ஒன்று. தலையைச் சுற்றித் துரு.
அது மட்டும் யார் வீட்டிலும் மிஞ்சவில்லை போலும்.

அறிக்கையில் "பள்ளம்: நல்ல நிலை" என்று எழுதினேன்.
எந்த வரி எண்ணின் கீழ் போடுவது என்று
மத்தியானம் வரை தெரியவில்லை.

எனக்குக் கூரை கிடையாது.
புக்கிட் பாத்தோக், ஐந்தாம் மாடி;
என் தலைக்கு மேலே இருப்பது
மாக்சிக் சுரையாவின் குளியலறைத் தரை.
நேற்று அதைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள்.
மேலே போனேன்.
நீர்த்தடைப் பூச்சு எத்தனை முறை என்று கேட்டேன்.
"வேண்டிய அளவு" என்றான் பூசுகிறவன்.
இன்னொன்று பூசினால் பாதிக் காசு நான், என்றேன்.
மாக்சிக் என்னையும் அவனையும் மாறிமாறிப் பார்த்தார்.
ஏன், என்று யாராவது கேட்பதற்குள்
"எழுதித் தரட்டுமா?" என்றேன்,
பேச எனக்கு எப்போதும் வராது.

ஓட்டுப்பெட்டியின் அட்டையைக் கிழித்து நீட்டினான்.
ஒரே வரி.
எண் போடவில்லை.